ஆங்கிலச் சொற்களின் கருத்து மனதில் நிற்க எப்படிப் படிப்பது?

ஹட்டன் மாணவி:
உயர்தரப் பொது ஆங்கிலத்துக்காக அகராதியைப் பார்த்து ஒரு நாளைக்கு 30 சொல், பக்கத்திலேயே தமிழ்க் கருத்து என்று கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன். ஒரு கிழமையில் பாதி மறந்துவிடுகிறது. ஞாபகம் இருப்பதையும் வசனத்தில் போட வருவதில்லை. என்ன செய்யலாம்?

கொட்டகலை டீச்சர்:
30 மிகவும் கூட, தங்கச்சி. 8 போதும்; மிச்ச நேரம் பழைய சொற்களுக்கு. கொப்பியில் கருத்து பக்கத்திலேயே இருப்பதால் கண் அதைப் பார்த்துவிடும், மூளை தேடாது. தேடி எடுத்தால்தான் பதியும்.

ஏ4 தாளை எட்டாக வெட்டி அட்டை செய்யுங்கள். முன்பக்கம், அந்தச் சொல் வரும் இடத்தில் கோடு போட்ட ஆங்கில வசனம். பின்பக்கம் சொல்லும் தமிழ்க் கருத்தும். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். மறுநாள், பிறகு 3ஆம், 7ஆம், 16ஆம் நாட்களில் பாருங்கள். பிழையாகச் சொன்ன அட்டை திரும்ப முதல் நாளுக்குப் போகும். ஆன்ட்ராய்ட் போனில் இதே அட்டை முறைக்கான ஆன்கிட்ராய்ட் செயலி இலவசம், சிக்னல் இல்லாத தோட்ட லயத்திலும் வேலை செய்யும்.

‘அஃபெக்ட்’, ‘இஃபெக்ட்’ மாதிரிச் சொற்களை ஒரே நாளில் எடுக்கவே வேண்டாம். இரண்டும் குழம்பிவிடும்.

பண்டாரவளை வாசகர்:
வசனத்தில் வராததற்குக் காரணம், சொல்லைத் தனியாகப் படிப்பது. ‘டூ’ என்றால் செய் என்று மட்டும் தெரிந்தால் ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதுவோம். சரியானது ‘மேக் எ மிஸ்டேக்’. நாம் “அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்” என்கிறோம், அதனால் ‘டிஸ்கஸ்’ பின்னால் ‘அபவுட்’ தானாக வந்து ஒட்டுகிறது. அங்கே அது வரவே கூடாது. அட்டையில் ‘பே அட்டென்ஷன் டு’, ‘டிபென்ட் ஆன்’ என்று கூட்டாளிச் சொல்லோடு எழுதுங்கள்.

ஹட்டன் மாணவி:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. எந்தச் சொற்களில் தொடங்குவது? முன்னொட்டு தெரிந்தால் கருத்தை ஊகிக்கலாமாமே?

கொட்டகலை டீச்சர்:
அகராதி வரிசை வேண்டாம். கடந்தகால வினாத்தாள்களின் வாசிப்புப் பந்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் முதலில். பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் அகாடமிக் வேர்ட் லிஸ்ட், அதாவது கல்விசார் நூல்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல்: 2000இல் வெளிவந்தது, 570 சொற்குடும்பங்கள்.

சொற்பகுதி நினைவுக்கு உதவும். ‘போர்ட்’ சுமப்பது; இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட் மூன்றும் அதோடு நிற்கும். ஊகத்துக்கு அதை நம்பக் கூடாது. ‘இன்விசிபிள்’ என்பதில் ‘இன்’ எதிர்மறை, அதனால் கண்ணுக்குத் தெரியாதது. அதே கணக்கில், எண்ணெய்த் தாங்கியில் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ தீப்பற்றாதது என்று நினைத்தால் ஆபத்து; அது சட்டென்று தீப்பற்றுவது. ஊகித்தாலும் அகராதியில் பார்த்த பிறகே அட்டையில் எழுதுங்கள்.