கேப்பர் மலைச் சரிவில் 80 சென்ட்: இருபது ஆடு ஒரேயடியாக வாங்கலாமா?

செம்மண்காடு:
வணக்கம். கடலூர் பக்கம் கேப்பர் மலைச் சரிவில் எங்களுக்கு 80 சென்ட். அப்பா வைத்த முந்திரி 2011 தானே புயலில் சாய்ந்த பிறகு வி.ஆர்.ஐ 3 என்ற முந்திரி ரக ஒட்டுக்கன்று நட்டோம். அது வருடத்துக்கு ஒரு தடவைதான் காசு. இடையில் வருமானத்துக்கு இருபது வெள்ளாடு வாங்கலாமா? சந்தையில் ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்கிறார் மாமா. பார்த்துக்கொள்ள நானும் அம்மாவும்தான்.

திருவந்திபுரத்து அக்கா:
தம்பி, அது மட்டும் வேண்டாம். ஒன்பது வருடத்துக்கு முன் நான் அதைத்தான் செய்தேன். சந்தையில் பன்னிரண்டு உருப்படி பிடித்து வந்து, வீட்டில் இருந்த நாலோடு அன்று இரவே ஒரே கொட்டகையில் அடைத்தேன். ஆறாம் நாள் ஒன்றுக்குக் காய்ச்சல், மூக்கொழுகல், வாயெல்லாம் புண், அப்புறம் கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய். இரண்டு வாரத்தில் ஒன்பது செத்தன. நம் வீட்டிலேயே பிறந்த சினை ஆடும் அதில் போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இப்போது தெரிந்தவர் பட்டியில்தான் வாங்குகிறேன். தாய் எப்படி, போன ஈற்றில் எத்தனை குட்டி என்று கேட்டுப் பார்த்து எடுப்பேன். புதிதாக வந்ததை 21 நாள் தனியே கட்டுவேன்; அதற்குத் தீவனத் தொட்டியும் வேறு. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். துள்ளுமாரி நோய்க்கான ஊசியும் குடற்புழு மருந்தும் ஐப்பசி மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஐந்து பெட்டை, ஒரு கிடாயோடு தொடங்குங்கள். சினை ஐந்து மாதம், குட்டி விலைக்கு வர எட்டு ஒன்பது மாதம். முதல் காசு பார்க்க ஒன்றேகால் வருடம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பண்ருட்டி பலா:
அக்கா சொல்வது சரி. இன்னொன்று, முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிப்போம். அந்த நாட்களில் மரத்தடியில் ஆட்டை விடவே கூடாது. பழம் கொட்டும் பருவத்திலும் கட்டிப் போடுங்கள். விழுந்த பழத்தை அளவில்லாமல் தின்றால் வயிறு உப்பிவிடும். பலாத் தழை தாராளமாகப் போடலாம்.

செம்மண்காடு:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஐந்தோடுதான் தொடங்கப் போகிறேன். கொட்டகை எந்தப் பக்கம் போடுவது? தழைக்கு என்ன செய்ய?

திருவந்திபுரத்து அக்கா:
சரிவில் மேட்டுப்பக்கம், தண்ணீர் வழிந்தோடும் பாதையை விட்டு விலகிப் போடுங்கள். தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்ட பலகையில் பரண் கட்ட முடிந்தால் நல்லது. புழுக்கை கீழே விழும், கால் ஈரமாகாது. மழைக்காலத்தில் வாடைக்காற்று அடிக்கும், வடக்கே தட்டி வைத்து மறையுங்கள். வேலியோரம் தழைக்கு அகத்தியும் கிளைரிசிடியா மரமும் இப்போதே நடுங்கள், ஆடு அப்புறம் வரட்டும். புதிதாக நடும் ஒட்டுக்கன்றுக்கு முள் அடைப்பு கட்டாயம். ஒரு நாள் விட்டாலும் குருத்தைக் கடித்துவிடும்.

விற்கும்போது கண் மதிப்புக்குக் கொடுக்காதீர்கள். போன வருடம் வியாபாரி 6000 கேட்ட கிடாய் தராசில் 21 கிலோ நின்றது, 8000-க்குப் போனது. புரட்டாசியில் எங்கள் பக்கம் யாரும் கறி எடுக்க மாட்டார்கள், அதனால் அந்த மாதம் விற்க அவசரப்படாதீர்கள். தொங்கு தராசு என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போங்கள்.