கொட்டாம்பட்டி வீடு (குடும்பக் குழு)

சாந்தி: நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கேஸ் கசிந்துவிட்டது. பயப்பட வேண்டாம், எல்லாரும் நலம். நான் கடைக்குப் போயிருந்தேன். அத்தை அடுப்படியிலேயே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மாடி வீட்டு அக்கா வாடை பிடித்து ஓடிவந்து சிலிண்டரை மூடினார். அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

செல்வி: ஐயோ அம்மா

செல்வி: எங்கள் வீட்டில் இருந்தவரை நன்றாகத்தானே இருந்தது

முருகேசன்: டியூப் மாற்றி எவ்வளவு நாள் ஆச்சு?

பாலு: டியூப்போடு விடக்கூடாது அண்ணே. எல்பிஜிக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அந்த நாற்றமே தெரியவில்லை என்றால் கோளாறு மூளையிலும் இருக்கலாம். அல்சைமர் (ஞாபகம் அழியும் நோய்), பார்க்கின்சன் (நடுக்க நோய்) இரண்டிலும் மற்ற அறிகுறிகளுக்குப் பல வருடம் முன்பே மோப்பம் குறையலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். 2013இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் வேர்க்கடலை வெண்ணெயை வைத்துப் பார்த்தார்கள். கண்ணை மூடி, ஒரு நாசியை அடைத்து, மூக்கருகே அளவுகோல் பிடித்து. அல்சைமர் ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கு வலது நாசியைவிட இடது நாசிக்குச் சராசரி 10 செ.மீ. கூடுதல் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் வாசனை தெரிந்ததாம். (தொடரும்)

பிரபு: தொடருமா 🙏

கார்த்தி: வெண்ணெய் இல்லை சித்தப்பா. கடலை மிட்டாய்தான் இருக்கு

பிரபு: அப்பத்தா மோந்து பார்க்காது, தின்றுவிடும்

தேன்மொழி: சித்தப்பா, அதை அடுத்த வருடமே பென்சில்வேனியாவில் செய்து பார்த்தார்கள். இடது வலது வித்தியாசம் வரவில்லை. அளவுகோலை உள்ளே வையுங்கள்

பாலு: மோப்பம் குறைவது நிஜமா பொய்யா?

தேன்மொழி: நிஜம். ஆனால் சளி, சைனஸ், கோவிட், வயது எதனாலும் குறையும். அப்பத்தாவுக்கு 81

முருகேசன்: 83

செல்வி: ஆதாரில்தான் 81

கார்த்தி: இப்போதே பார்த்துவிட்டேன். கண்ணை மூடச் சொல்லிக் காபித்தூள், பெருங்காயம், மல்லிகைப்பூ. காபி தெரிந்தது. பெருங்காயத்துக்கு ‘என்னமோ மாவு’ என்றது. பூவுக்குச் சிரித்தது, பதில் இல்லை. விக்ஸை மட்டும் டக்கென்று சொன்னது

தேன்மொழி: விக்ஸைக் கணக்கில் சேர்க்காதே. அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் முகத்தின் தொடுவுணர்வு நரம்பு வழியாகத் தெரியும். மோப்ப நரம்பு வேறு

செல்வி: பூ கட்டுகிற கைக்காரிக்குப் பூவாசம் தெரியாதா? பிடிக்காத இடத்தில் அம்மா வாயே திறக்காது

சாந்தி: பிடிக்காத இடம் என்றால் எது மதினி?

முருகேசன்: குழுவில் வேண்டாம்

பிரபு: வளைகாப்புக்குப் பெரிய அண்டா வேண்டும். யார் வீட்டில் இருக்கு?

பாலு: (தொடர்ச்சி) காதும் முக்கியம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு அறிக்கை, டிமென்ஷியா என்கிற மறதி நோய் வராமல் நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. காது மந்தமும் பார்வைக் குறைவும் அதில் உண்டு. பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திவிட்டு, எண்ணும் எழுத்துமாகக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல். நான் வாங்கிய காது மெஷினை அம்மா போடுகிறதா?

கார்த்தி: விசிலடிக்கிறது என்று சுருக்குப்பையில் முடிந்துவைத்திருக்கு

செல்வி: அந்தக் காசுக்குக் கண்புரை ஆபரேஷன் முடித்திருக்கலாம்

பாலு: அதில் உன் பங்கு எவ்வளவு அக்கா?

தேன்மொழி: சண்டை அப்புறம். ஞாபகம் எப்படி இருக்கு?

சாந்தி: மாத்திரை போட்டதை மறந்து மறுபடி கேட்கிறார்

பிரபு: நான் வாங்கிய 500 ரூபாயை மறக்கவில்லை

தேன்மொழி: முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். பி12, தைராய்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் நரம்பு டாக்டர். வாசனைச் சோதனை ஒன்றை வைத்து நோய்ப் பெயர் சொல்ல முடியாது. கார்த்தி, கேஸ் அலாரம் வாங்கு. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையை ஒட்டி மாட்டு

முருகேசன்: வியாழன் போகலாம். யார் வண்டி?

கார்த்தி: வியாழன் எனக்கு ஷிஃப்ட்

பாலு: செய்முறையை பிடிஎஃப்பாக அனுப்புகிறேன்

பிரபு: அண்டா?

செல்வி: என்னிடம் இல்லை. கிடாவெட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனது, வரவே இல்லை

முருகேசன்: சனிக்கிழமை பார்ப்போம்

சாந்தி: டாக்டருக்கா, அண்டாவுக்கா?