பிரான்ஸில் வணக்கம் சொல்வதும் பெயர் சொல்வதும்: உங்கள் அனுபவம் என்ன?

லியோன்வாசி:
இங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "பொன்ஜூர்", அதாவது வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம்தான். எங்கள் தெரு பேக்கரியில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வெளியூர்க்காரர், நல்ல பிரெஞ்சில்தான், "ஒரு பகெத் கொடுங்கள்" என்று அந்த நீள ரொட்டியைக் கேட்டார். கல்லாவில் இருந்த அம்மா கையை அசைக்கவே இல்லை. "பொன்ஜூர், மெஸ்யூ (ஐயா)" என்று சொல்லி அவர் முகத்தையே பார்த்தார். இவர் மறுபடி பகெத் கேட்க, அந்த அம்மா மறுபடி பொன்ஜூர். ஒருவழியாக உறைத்து, இவரும் பொன்ஜூர் சொன்ன பிறகுதான் பகெத்தின் நடுவில் தாளைச் சுற்றி நீட்டினார், சிரிப்போடு! பஸ் டிரைவர், லிஃப்டில் தெரியாத ஆள், எல்லாருக்கும் இதே முறைதான். டாக்டரின் காத்திருப்பு அறையில் பொதுவாகச் சொன்னால்கூட, பத்திரிகை படிப்பவர் தலை நிமிராமல் பதில் முணுமுணுப்பார். பொழுது சாய்ந்தால் "பொன்சுவார்", மாலை வணக்கம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாவது பொன்ஜூர் சொன்னால், காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கு "ரெபொன்ஜூர்" (மறுபடியும் வணக்கம்) இருக்கிறது.

மொன்பெலியே மாணவி:
எனக்குக் குழப்பமே "பீஸ்" என்கிற முத்த வணக்கம்தான். கன்னத்தோடு கன்னம் ஒட்டி, காற்றில் சத்தம் மட்டும். பாரிஸில் பெரும்பாலும் இரண்டு, இந்தப் பக்கம் மூன்று. பாரிஸிலிருந்து வந்த தோழி இரண்டோடு விலகிவிட, எங்கள் வகுப்புப் பையன் மூன்றாவதுக்குக் கன்னத்தை நீட்டியபடியே நின்றான், பாவம். 2020 பிப்ரவரி கடைசியில் கொரோனாவுக்காக சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான் இதைத் தவிர்க்கச் சொன்னார். இப்போது திரும்பி வந்துவிட்டது. வேண்டாமென்றால் முந்திக்கொண்டு கையை நீட்டுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீ, நீங்கள் மாதிரி "து", "வூ" நமக்குச் சிரமமே இல்லை. மாணவர்களுக்குள் எடுத்த எடுப்பில் "து". பேராசிரியருக்கு "வூ". "து" போட்டுப் பேசலாமா என்று பெரியவர்தான் முதலில் கேட்க வேண்டும். நாமாக ஆரம்பிக்கக் கூடாது.

லா ஷாப்பெல் அண்ணை:
தங்கச்சி, உங்களுக்குக் கன்னம், எங்களுக்குப் பெயர்தான் பிரச்சினை. "ஜு மாப்பெல்" (என்ர பெயர்) எண்டு சொல்லுறது சுகம். படிவத்தில "நொம்" (குடும்பப் பெயர்), "பிரெநொம்" (சொந்தப் பெயர்) எண்டு ரெண்டு கட்டம் இருக்கும். எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பான்ர பெயர் நொம் கட்டத்துக்குள்ள போயிடும். பிறகு ஒஃபிஸில, வங்கியில, ஆஸ்பத்திரியில எல்லா இடமும் "மெஸ்யூ" போட்டு அப்பாவைத்தான் கூப்பிடுவினம். பக்கத்தில இருக்கிறவை இடிச்சுச் சொன்னாத்தான் சிலபேர் எழும்பிப் போவினம். என்ர மகளுக்கும் அதே கதைதான், அவள் என்ர பெயருக்கு எழும்ப வேணும். அதோட 2012 பெப்ரவரியில, அரச படிவங்களில இருந்து கலியாணம் கட்டாத பெண்களுக்கான "மத்மொசெல்" கட்டத்தை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. கலியாணம் கட்டாத பிள்ளையும் இப்ப, கட்டின பெண்கள் மாதிரி, "மதாம்" தான். என்ர பெயருக்கு முன்னால "மதாம்" எண்டு கூப்பிட, வீட்டில ஒரே பகிடி.