தங்க வேட்டைக் கதைக்கு கோலார் சரிவருமா?

காக்ஸ்டவுன் அக்கா:
சபைப் பத்திரிகைக்கு ஒரு தொடர்கதை எழுதுகிறேன். நான் படித்த கிறிஸ்தவ நாவல்களில் தங்கம் என்றாலே கலிபோர்னியாதான். 1849, கூடாரம், ஆற்று மணலை அரிக்கும் வாலிபன், கடைசியில் மனந்திரும்புதல். அதையே 1900 வாக்கில் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுவரலாமா? வடஆற்காட்டுப் பையன் ஒருவன் சுரங்கத்தில் பெரிய தங்கக் கட்டியைக் கண்டெடுத்து, ஆண்டவரை மறக்கிறான்.

மாரிகுப்பம் பேரன்:
பையன் சரி அக்கா, கட்டிதான் உதைக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சுரங்க வேலை. கலிபோர்னியாவில் கிடைத்தது கிடைத்தவனுக்கு. இங்கே எல்லாம் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனிக்கு. தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் பொடியாகக் கிடக்கும், பாதிப் பேருக்குக் கண்ணிலேயே படாது. பாறையை மேலே ஏற்றி, ஸ்டாம்ப் மில்லில் இடித்து, பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும், அதை வழித்தெடுப்பார்கள். சோதனை வருவது அங்கேதான்! நகத்தடியில் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். ஆனால் மாட்டினால் ஜெயில். ஷிஃப்ட் முடிந்தால் உடம்பைத் தடவிச் சோதிக்காமல் வெளியே விடமாட்டார்கள்.

அப்புறம், பையனை மூங்கில் தட்டி வீட்டில் குடிவையுங்கள். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ல் கரண்ட் வந்தது மிஷினுக்கு, அவன் வீட்டுக்கு இல்லை.

ரிச்மண்ட் டவுன் வாசகன்:
கலிபோர்னியாவை அடியோடு விடவேண்டாம் அக்கா. 1849-ல் சான்ஃப்ரான்சிஸ்கோ தெருவில் நின்று தங்கம் தேடிகளுக்குப் பிரசங்கித்த வில்லியம் டெய்லர் என்ற மெதடிஸ்ட் போதகர், 1870-களில் நம் பெங்களூருக்கும் வந்து ஊழியம் செய்தவர். அவர் பிரசங்கத்தைக் கேட்ட கிழவர் ஒருவர் உங்கள் கதையில் உபதேசியாராக வரலாமே?

காக்ஸ்டவுன் அக்கா:
இது போதும்! பையனை மில்லுக்கு மாற்றிவிடுகிறேன். யோசுவா 7-ல் ஆகான் பொன்பாளத்தைக் கூடாரத்துக்குள் புதைத்தானே, அதேபோல இவனும் தட்டி வீட்டு மண்தரையில் புதைக்கட்டும். பேரன் தம்பி, சுரங்கத்துக்குள் பாறை தானாக வெடித்தால் மேலே வீட்டில் தெரியுமா?

மாரிகுப்பம் பேரன்:
தெரியாமலா? அலமாரிப் பாத்திரம் உருளும். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். உடனே பெண்கள் ஷாஃப்ட் பக்கம், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழிப் பக்கம் ஓடுவார்கள், யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே.