ஊர் சுத்தும்போது எடுத்த படங்களை எதுல பத்திரப்படுத்துறீங்க? அனுபவத்தைச் சொல்லுங்க

கன்னியாகுமரி, ஸ்டுடியோக்காரர்:

ஃபிலிம் காலத்துல இருந்தே இங்க ஸ்டுடியோ நடத்துறேன். டிஜிட்டல் கேமரா வந்த புதுசுல எங்க கடைக்கு வந்ததுல பாதிப் பேரு பிரிண்ட் போட வரல்ல, கார்டைக் காலி பண்ணத்தான் வந்தாங்க. 256 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, 6 மெகாபிக்சல் கேமரான்னா நூறு படம் எடுக்கும் முன்னயே நிறைஞ்சிரும். சூரிய உதயத்துக்கே முக்கால்வாசி போயிரும். பிறகு பாறைக்குப் படகு ஏறும் முன்ன ஓடி வருவாங்க, "அண்ணாச்சி, சீக்கிரம் சிடில ஏத்திக் குடுங்க"ன்னு. ஒரு சிடில 700 எம்பிதான். ஏத்தி முடிச்சதும் நான் சிடியை வெளிய எடுத்து, திரும்ப உள்ள தள்ளி, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திறந்து பெருசாக்கிக் காட்டுவேன். அதுக்குப் பிறகுதான் கார்டை அழிக்க விடுவேன். சில பேருக்குக் கோவம் வரும். படகுக்கு வரிசை நிக்குதுல்லா.

விவேகானந்தர் பாறையைப் பாக்கன்னே கல்கத்தாப் பக்கத்துல இருந்து நிறைய குடும்பங்க வருவாங்க. 2005 வாக்குல அப்படி வந்த பெரியவர் ஒருத்தர் கையில எப்சன் பி-2000 இருந்துச்சு. உள்ள 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், மேல 3.8 இஞ்ச் திரை. கார்டைச் சொருகினா கம்ப்யூட்டர் இல்லாமலே படத்தை உள்ள இழுத்துக்கும், திறந்தும் காட்டும். நான் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நம்ம சிடி வியாபாரத்துக்கு ஆப்பு வந்தாச்சுன்னுதான் மனசுல ஓடிச்சு. ஆனா அவரு வந்ததே சிடி போடத்தான்! ரெண்டு செட் போடச் சொன்னாரு. ஒண்ணு பொஞ்சாதி பையில, இன்னொண்ணை நேரா போஸ்ட் ஆபீஸுக்குக் கொண்டு போயி அவரு வீட்டு விலாசத்துக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டாரு. "இந்த ரயிலுக்கு என்ன ஆனாலும் படம் வீடு போய்ச் சேந்திரும்"னு இங்கிலீஷ்ல சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு அந்தப் பெட்டியை விட அந்தத் தபால்தான் மனசுல நிக்குது.

இப்ப நிலைமை வேற. 2024 டிசம்பர்ல வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, அந்த 77 மீட்டரை நடந்து முடிக்கும் வரைக்கும் எல்லாரும் வீடியோ ஓட்டுறாங்க. 4கே-ல 60 ஃப்ரேம் வச்சா ஒரு நிமிஷத்துக்குச் சுமாரா 400 எம்பி. ஃபோனு நிறைஞ்சு போயி, நடுப் பாலத்துல நின்னு பழைய படத்தை ஒவ்வொண்ணா அழிக்கிற கூட்டத்தைத் தினம் பாக்கலாம். திப்ருகர்ல இருந்து விவேக் எக்ஸ்பிரஸ்ல நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல வந்த பையன் ஒருத்தன், வழியில எடுத்ததை அழிச்சாத்தான் குமரியை எடுக்க முடியும்னு என் கடை வாசல்ல நின்னான். ஃபோன்லயே நேராச் சொருகுற ஓடிஜி பென் டிரைவு ஒண்ணு குடுத்துப் படத்தை எல்லாம் அதுல மாத்தி விட்டேன். உங்க கதையையும் சொல்லுங்க.

தக்கலை, கல்யாண ஃபோட்டோகிராஃபர்:

அண்ணாச்சி, அந்தத் தபால் கதையைத்தான் நாங்க பைக்ல செய்யுறோம்.

எங்க வேலை எல்லாமே இந்த ஜில்லாவுக்குள்ளதான், ஆனா பயணந்தான். காலையில முட்டத்துப் பாறையில ஷூட், மத்தியானம் மாத்தூர் தொட்டிப்பாலம், வெளிச்சம் மிச்சம் இருந்தா திற்பரப்பு. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, எப்ப ஊத்தும்னு சொல்ல முடியாது. கேமராவுல ரெண்டு கார்டு துவாரம், ரெண்டுலயும் ஒரே படம் முழு ரா-வா, அதாவது கேமரா சுருக்காத மூலப் படமா விழும். ஒண்ணுல ரா, மத்ததுல சுருக்கின ஜேபெக்னு வைக்கிற ஆளுங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரா கார்டு போச்சுன்னா ஜேபெக்கை வச்சுப் பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்ல?

கல்யாண வீட்டுல முதல் பந்தி உக்காந்ததும் எனக்குக் காப்பி பண்ணுற நேரம். லேப்டாப்புக்கு ஒண்ணு, எஸ்எஸ்டிக்கு (உள்ள எதுவும் சுத்தாத, சிப்பு வச்ச டிஸ்க்கு) ஒண்ணு. ரெண்டாவது துவாரத்துக் கார்டைத் தம்பி சட்டைப் பையில போட்டுக்கிட்டு அவன் பைக்ல வீட்டுக்குப் போயிருவான். எஸ்எஸ்டி என் கூட கார்ல. லேப்டாப் பையை யாராவது தூக்கிட்டுப் போனாலும் கல்யாணம் போகாது. மண்டபத்துல அந்தக் கூட்டத்துக்குள்ள பை காணாம போறது அதிசயமா என்ன?

லேப்டாப் இல்லாம, கார்டு துவாரம் வச்ச வயர்லெஸ் ஹார்ட் டிஸ்க்கும் கொஞ்ச காலம் வச்சிருந்தேன். பட்டனை அமுக்கினாப் போதும், அதுவே இழுத்துக்கும். சொகமாத்தான் இருந்துச்சு. ஆனா காப்பி முடிஞ்சா ஒரு லைட்டு மட்டுந்தான் எரியும், உள்ள படம் திறக்குதா இல்லையான்னு ஃபோன்ல வைஃபை போட்டு நோண்டணும். பந்தி முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுற நேரத்துல எவன் நோண்டுவான். வித்துட்டேன்.

இரணியல்:

எல்லாரும் டிஸ்க்கு டிஸ்க்குன்னு சொல்றீங்க. கூகுள்ல ஏத்திப் போட்டாப் போதாதா அண்ணே?

கன்னியாகுமரி, ஸ்டுடியோக்காரர்:

வீட்டுல இருக்கப்போ நல்லதுதான் தம்பி. 2021 ஜூன் 1 வரைக்கும் கூகுள் ஃபோட்டோஸ் கொஞ்சம் சுருக்கி எவ்வளவு வேணாலும் சும்மா வச்சுக்கிச்சு. இப்ப ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேத்து 15 ஜிபி. ஒரு காலை வீடியோவுக்கே அதுல பாதி போயிரும். அதோட, சித்ரா பௌர்ணமி அன்னைக்கு இங்க வந்து ஏத்திப் பாரு. ஒரு பக்கம் சூரியன் இறங்குது, எதுத்த பக்கம் நிலா ஏறுது, கடற்கரையில நிக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்துல அனுப்புறான். வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கும். லாட்ஜ் வைஃபையைப் பத்தி நான் சொல்ல வேண்டாம். இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல வீட்டுக்கு அனுப்பிட்டோமேன்னு கார்டை அழிக்கிறவங்க உண்டு. படமா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டா அனுப்பினாத்தான் எடுத்தபடியே போகும்.

சுசீந்திரம், பறவை பாக்கப் போறவர்:

நான் தேரூர் குளம், மணக்குடி காயல், புத்தளம் உப்பளம்னு சுத்துறவன். பூநாரை எழும்பிப் பறக்கிற அந்த ரெண்டு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் போகும்னு கணக்கே கிடையாது. லேப்டாப் தூக்குறது இல்ல. ஃபோன், யுஎஸ்பி-சி ஹப்பு ஒண்ணு, கார்டு ரீடர், சின்ன எஸ்எஸ்டி, அவ்வளவுதான். உப்பள வரப்புல குடையை விரிச்சுக்கிட்டு காப்பியை ஓட விடுவேன்.

இதுல ஆளுங்க ஏமாறுறது கேபிள்ல. உப்பளத்துல ஒரு நாள் எர்ணாகுளத்துல இருந்து வந்த ஒரு சார் பக்கத்துல உக்காந்து காப்பி பண்ணிக்கிட்டு இருந்தாரு. என் 64 ஜிபி முடிஞ்சு நான் கட்டஞ்சாயாவும் குடிச்சாச்சு, அவருக்குப் பாதிகூட ஆகல்ல. கார்டும் அதே ரகம், எஸ்எஸ்டி என்னோடதை விட விலை கூடினது. பாத்தா அவரு ஃபோன் சார்ஜர் கூட வந்த வயரைப் போட்டிருக்காரு. ரெண்டு முனையும் யுஎஸ்பி-சி தான், ஆனா அந்த மாதிரி நிறைய வயருக்குள்ள ஓடுறது பழைய யுஎஸ்பி 2. செகண்டுக்கு 35, 40 எம்பி தாண்டாது. 64 ஜிபிக்கு அரை மணி நேரம் ஆகும். நல்ல வயரா இருந்தா கார்டோட வேகம்தான் எல்லை. சாதாரண யுஎச்எஸ்-1 எஸ்டி கார்டுக்கு உச்சமே 104 எம்பி, கையில கிடைக்கிறது 80, 90. பன்னெண்டு, பதிமூணு நிமிஷத்துல முடிஞ்சிரும். இதுல இருந்து இன்னொண்ணும் தெரியும்: செகண்டுக்கு 2000 எம்பி போகும்னு விளம்பரம் பண்ற எஸ்எஸ்டிக்குக் காசு குடுக்குறது கார்டு காலி பண்ண வீண். கார்டே அவ்வளவு குடுக்காது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபோன்ல சொருகினா பல ஃபோனுக்கு அதைச் சுத்த வைக்க கரண்டு பத்தாது. டிக்குன்னு ஒரு சத்தம், பிறகு ஒண்ணும் இல்ல. சார்ஜ் ஏத்துற துவாரம் உள்ள ஹப்பு வாங்கி, பவர் பேங்க்கை அதுல குத்தினா ஓடும்.

உப்புக்காத்து நம்ம ஊரு ஆளுக்குச் சொல்லித் தரணுமா, ஜன்னல் கம்பியைப் பாத்தாப் போதும். எஸ்எஸ்டியோட யுஎஸ்பி வாயும் அப்படித்தான். சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவர், வீட்டுக்கு வந்ததும் உலந்த துணி. அது போதும்.

மார்த்தாண்டம், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை:

கடைக்கு வர்ற கேஸ் ரெண்டைச் சொல்லுறேன், ரெண்டும் டூர் போயிட்டு வந்த ஆளுங்க.

வயசான தம்பதி, மகன் கல்ஃபுல. வடநாட்டுக் கோயில் எல்லாம் சுத்தி வந்திருக்காங்க. ஆன்லைன்ல மலிவாக் கிடைச்ச "16 டிபி" எஸ்எஸ்டில தினம் ராத்திரி அந்த அம்மாதான் காப்பி பண்ணியிருக்காங்க. ஒழுங்கா, நாள் வாரியா ஃபோல்டர் போட்டு! எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோக்காரன் எவனும் அவ்வளவு நேர்த்தியா வச்சது இல்ல. திறந்தா முதல் ரெண்டு நாள் படம் மட்டும் வருது. மத்ததுக்குப் பேரு இருக்கு, அளவு இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. பெட்டியைப் பிரிச்சேன். உள்ள பசை வச்சு ஒட்டின சின்ன மெமரி கார்டு ஒண்ணு. 16 டிபின்னு பொய் சொல்ற மாதிரி சிப்பை மாத்தி எழுதி வச்சிருக்கான். நிறைஞ்ச பிறகும் காப்பி ஆகுது ஆகுதுன்னே காட்டும், எரர் வராது. நல்லகாலம், அந்த ஐயா ஃபோனுல இருந்து எதையும் அழிக்கல்ல. "இவ சொன்னா, நான் கேக்கல்ல"ன்னாரு. அந்த அம்மா முகத்தைப் பாக்கணுமே.

வாங்கின அன்னைக்கே விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக்ல எஃப்3-ன்னு உள்ள சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்க. ரெண்டும் சும்மாக் கிடைக்கும். டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படிச்சுப் பாக்கும், உண்மையான கொள்ளளவு தெரிஞ்சிரும். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுட்டுப் படுத்துருங்க.

ரெண்டாவது ஆளு, பத்மநாபபுரம் அரண்மனை பாத்துட்டு வர்ற வழியில கேமராவுல ஃபார்மட் அமுக்கிட்டான். ஆனா பையன் கெட்டிக்காரன், அடுத்த நிமிஷமே கார்டை உருவி, தனியா வச்சுக் கொண்டு வந்தான். கேமராவுல ஃபார்மட் பண்ணினா பெரும்பாலும் எந்தப் படம் எங்க இருக்குங்கிற அட்டவணைதான் போகும், படம் அடியில கிடக்கும். ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு, ஓட்டினேன், கிட்டத்தட்ட எல்லாம் வந்துச்சு. ஃபைல் பேரு மட்டும் போயிரும். மேற்கொண்டு படம் எடுத்திருந்தா அந்த இடம் மேல எழுதியாச்சு, பிறகு யாராலும் ஆகாது. எஸ்எஸ்டி கதை வேற. கம்ப்யூட்டர்ல டிரிம் ஓடினா அழிச்ச இடத்தை அதுவே துடைச்சிரும். எஸ்எஸ்டில அழிச்சுட்டு என்கிட்ட ஓடி வந்தா பெரும்பாலும் நான் சாயா வாங்கித் தரத்தான் முடியும்.

கீழ விழுந்த ஹார்ட் டிஸ்க்கு டக் டக்குன்னு அடிச்சா, திரும்பத் திரும்பச் சொருகாதீங்க. ஹெட்டு தட்டைக் கீறிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும்.

தூத்தூர், தங்கல் தொழிலுக்குப் போறவர்:

நாங்க போறது ஆழ்கடல். கரையை விட்டா வாரக்கணக்கு, சில சமயம் மாசம் தாண்டும். டவர் இல்லாத இடத்துல கிளவுடு எங்க இருந்து வரும். இப்ப போட்டுல இளவட்டம் எல்லாரும் வீடியோ எடுக்குது, சுறாவு, சூரை, ஓங்கில் கூட்டம்னு. முன்ன ஃபோனு நிறைஞ்சா நிறுத்திருவானுங்க. இப்ப போட்டுக்கு ஒரு எஸ்எஸ்டி பொதுவா உண்டு, வீல் ஹவுஸ்ல பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள. ஹார்ட் டிஸ்க்கு வேலைக்கு ஆகாது, எஞ்சின் அதிர்ச்சியில சுத்துற டிஸ்க்கை வச்சு எழுதக் கூடாது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்க பக்கத்து ஊருகள்ல எத்தனை வீடு போச்சுன்னு உங்களுக்கே தெரியும். பிறகு ஆளைக் காணல்லன்னு எழுதிக் குடுக்க, ஃபிளெக்ஸ் அடிக்க, எதுக்கும் படம் வேணும்னு வந்தப்போ எங்க தெருவுல ஒரு வீட்டுல ஆதார்ல உள்ள படம் மட்டுந்தான் இருந்துச்சு. அவன் நல்லா எடுத்த படம் எல்லாம் அவன் ஃபோனுல, ஃபோனு அவன் கூடக் கடல்ல. அவங்க சொந்தத்துல ஒருத்தரோட கல்யாண ஆல்பத்துல இருந்து வெட்டித்தான் ஃபிளெக்ஸ் அடிச்சோம்.

அதுக்குப் பிறகு எங்க வீட்டுல ஒரு வழக்கம். போட்டு ஏறும் முன்ன என் ஃபோனுல உள்ளது முழுக்க மக டிஸ்க்குல இறக்கி வைப்பா. ஓட்டைப் பெட்டி, பழைய 500 ஜிபி. ஓடுது.

இரணியல்:

அண்ணே, ஒண்ணும் சொல்லத் தோணல்ல.

மார்த்தாண்டம் அண்ணன்கிட்ட ஒரே ஒரு சந்தேகம். என் டிஸ்க்கு கம்ப்யூட்டர்ல வருது, ஃபோன்ல சொருகினா "ஃபார்மட் பண்ணவா"ன்னு கேக்குது. பண்ணலாமா?

மார்த்தாண்டம், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை:

அமுக்கிராத! உள்ள இருக்கது போயிரும். டிஸ்க்குல ஃபைலை அடுக்கி வைக்க பல முறை உண்டு. உன் டிஸ்க்கு என்டிஎஃப்எஸ்-ங்கிற முறையில இருக்கும், பல ஃபோனுக்கு அது புரியாது. உள்ள இருக்கதை முதல்ல கம்ப்யூட்டர்ல இறக்கு. பிறகு எக்ஸ்ஃபேட்-ல ஃபார்மட் பண்ணு, இப்ப வர்ற ஃபோன், விண்டோஸ், மேக் மூணும் பொதுவா எடுக்கும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல உள்ள வீடியோ ஏறாது. ஆனா எக்ஸ்ஃபேட்-ல ஒரு குணக்கேடு உண்டு. எழுதிக்கிட்டு இருக்கப்போ வயரைப் பிடுங்கினா மொத்த அட்டவணையும் குழம்பும். காப்பி முடிஞ்சதும் மேல நோட்டிஃபிகேஷன்ல எஜெக்ட் வரும், அதை அமுக்கிட்டு உருவு. எஜெக்ட் காட்டாத ஃபோனா இருந்தா முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் சும்மா விட்டு எடு.

சுசீந்திரம், பறவை பாக்கப் போறவர்:

தக்கலை அண்ணே, கார்டை நீங்க எப்பத்தான் அழிப்பீங்க? எனக்கு கார்டே பத்த மாட்டேங்குது.

தக்கலை, கல்யாண ஃபோட்டோகிராஃபர்:

ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்ணி ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்ட பிறகு. அதுக்குச் சில சமயம் பிள்ளை பிறந்து பேரு விடுற வரைக்கும் ஆகும். அதனால கார்டு சின்னதா நிறைய வாங்கி வச்சிருக்கேன். நிறைஞ்சதைக் கவருக்குள்ள குப்புற வைப்போம், தம்பி அதைத் தொட மாட்டான். உங்களுக்குப் பழைய 32 ஜிபி வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிடுங்க, எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுப் பாத்துட்டுத்தான் தருவேன்.