1726-க்கு முன் யோசேப்புக்கு ‘வளன்’ என்ற தமிழ்ப் பெயர் உண்டா? உதவி தேவை

யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு ‘அவர் இன்னும் கூட்டித் தருவார்’ என்று பொருள். ஆதியாகமம் 30:24-ல் ராகேல் பெயரிடும்போதே இன்னொரு மகனையும் கேட்கிறாள். யோவான் என்ற பெயரில் வருவதுபோல இந்த ‘யோ’வும் கடவுள் பெயர் என்று பலர் பிரித்துவிடுகிறார்கள். அது வினைச்சொல்லின் பகுதிதான். சங்கீதம் 81:5-ல் எபிரேயத்தில் ‘யெஹோசேப்’ என்று, கடவுள் பெயரான ‘யெஹோ’ முன்னே வருவதுபோல இருப்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது.

போர்த்துகீசிய ஜோசே நம் வாயில் சூசை ஆனது. சூசை ஒலியை ஒட்டியது, ‘வளன்’ பொருளை ஒட்டியது. வீரமாமுனிவரின் தேம்பாவணியில் (1726) தலைவனான யோசேப்பின் பெயரே அதுதான்.

அதற்கு முன்பே மக்கள் ‘வளன்’ என்று பெயர் வைத்தார்களா? பழைய ஓலை, கல்லறைக் கல், தமிழில் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு ஏதாவது பார்த்திருந்தால் ஆண்டையும் எழுத்தையும் உள்ளபடியே சொல்லுங்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ‘வளன’ என்றே தெரியும். லத்தீன் பதிவேடு வேண்டாம். அதில் சூசையும் வளனும் ‘யோசேபுஸ்’தான்.