தூத்துக்குடிக்கு ஒரு நாள் போய்ட்டு வர வழி சொல்லுங்க

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளைகளோட பஸ்ல வாரோம். எங்கெங்க போவலாம்? அந்த ஊரு முந்திரி இனிப்பு மக்ரூன் வாங்கினா வீடு வரை நொறுங்காம வருமா?

பதில் 1: சுமார் 50 கிலோமீட்டர்தான். காலையிலேயே கிளம்பிருங்க, வெயில் ஏறினா பிள்ளைகள் தாங்காது. முதல்ல பனிமய மாதா கோவில், 1713-ல கட்டினது. ஞாயிறு பூசை நேரத்துல உள்ளே சுத்திப் பார்க்க முடியாது, முடிஞ்சதும் போங்க. ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்த நெரிசல்ல கைப்பிள்ளையோட வேண்டாம்.

பதில் 2: மக்ரூன் பத்திச் சொல்லுதேன். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, இந்த மூணுதான், மைதா கிடையாது. வெள்ளைக்கருவை நுரை நிக்கிற அளவுக்கு அடிச்சு, முந்திரித் தூளைச் சேர்த்து, சுருள் சுருளாப் பிழிஞ்சு, மெல்லிய சூட்டுல நெடுநேரம் காய வைப்பாங்க. ஒண்ணை உடைச்சுப் பாருங்க: ‘மொறுக்’னு உடையணும், உள்ளே சின்னச் சின்னத் துளை தெரியணும். பல்லுல ஒட்டினா ஈரம் ஏறிட்டுன்னு அர்த்தம். சீனி காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும், கடலோரத்துல இன்னும் சீக்கிரம். அதனால கடற்கரைக்குப் போய்ட்டு, பஸ் ஏறும் முன்னால கடைசியா வாங்குங்க. மூடி இறுகுற டப்பா கொண்டு போங்க, மடியில வச்சுக்கோங்க. அம்மா முட்டை சேர்க்க மாட்டாங்கன்னா, இதுல முட்டை இருக்குன்னு அவங்ககிட்ட முன்னாலயே சொல்லிருங்க.

பதில் 3: சாயங்காலம் கடலோரத்துல இருக்குற ரோச் பூங்கா போதும் அண்ணாச்சி. உப்பளம் பார்க்கணும்னா கோடையில வாங்க; மழைக்காலத்துல பாத்தியில வெறும் தண்ணிதான் நிக்கும்.

கேட்டவர்: அம்மா முட்டை தொட மாட்டாங்க, நல்லவேளை சொன்னீங்க. டப்பா எடுத்து வச்சாச்சு.